பூட்டி வை என்றேன்

அரியாலையில், களப்புக் கடலுக்கு இறங்கும் மணல் ஒழுங்கை ஒன்றில், பத்தரை மணி வெயிலில் நின்று நான் என் அக்காவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அறுபத்திரண்டு வயது, அக்காவுக்கு அறுபத்தைந்து. இந்த வயதில் தெருவில் நின்று சண்டை பிடிக்கிற சகோதரங்கள் யாழ்ப்பாணத்திலேயே அதிகம் இருக்கமாட்டார்கள்.

அக்கா ஒரு பூவரச மரத்தடியில், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தலைக்கவசம். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. கொஞ்சம் தள்ளி ஒரு மனிதர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டோவிலிருந்து இறங்கி, ஓட்டோக்காரரை அனுப்பிவிட்டு, நான் நேரே போனது மோட்டார் சைக்கிளிடம். பெற்றோல் தாங்கியின் வலது தோளில் ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ற் பெயர்ந்து தகரம் தெரிந்தது. மூடியைச் சுற்றிப் பெற்றோல் வழிந்த இடமெல்லாம் ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கிக் கிடந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

“ஆர் உன்னைத் தாங்கியைப் பூட்டச் சொன்னது?” என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்காக எழுதுவது.

“நீதான்,” என்றாள் அக்கா.

அத்தானின் வண்டி

அந்த மோட்டார் சைக்கிள் அத்தானுடையது. அக்காவின் கணவர், மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் அறிவித்தல் வாசிக்கிறவர். அவர் காலமாகி மூன்று வருடம் இருக்கும். ஜப்பானில் செய்த தொண்ணூறு சிசி வண்டி, சிவப்பு, என் கலியாணத்துக்கு முதலே வந்துவிட்டது.

பெற்றோல் கிடைக்காத காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. மருந்துப் போத்தலில் இருந்து இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வித்தையைப் பற்றி இந்தத் தொடரில் முன்னமே எழுதியிருக்கிறேன். அந்தப் புகையில் வண்டியின் நிறமும் போயிற்று, அத்தானின் வெள்ளைச் சேட்டுகளும் போயின. ஆலயத்தில் அவர் பக்கத்தில் இருந்தால் சங்கீதத்தோடு மண்ணெண்ணெய் மணமும் வரும்.

கலியாணம் முடித்த புதிதில் அவர்கள் அரியாலையில் இருந்தார்கள். பின்னேரங்களில் அத்தான் அக்காவைக் களப்பு வெளிக்குக் கூட்டிக்கொண்டுபோய் வண்டி ஓடப் பழக்கினார். ஒரு மாதம் இருக்கும். அக்கா மூன்றாவது கியர் வரைக்கும் வந்துவிட்டாள். ஒருநாள் வேலியோரம் நின்ற யாரோ, “மாஸ்ரர் பெண்சாதியைச் சர்க்கஸுக்கு விடப்போறார் போலை” என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அத்தான் கூச்சக்காரர். ஓடாதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. “நாளைக்குப் பாப்பம்” என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அக்காவுக்குக் கிடைத்த பதில் அதுதான். அத்தானில் எனக்கு நல்ல மரியாதை; ஆனால் இதை நினைத்தால் மனிதரைக் குழியிலிருந்து எழுப்பி இரண்டு கேள்வி கேட்கலாம் போல இருக்கும்.

இந்த வருடத் தொடக்கத்தில் அக்கா என்னைக் கொக்குவிலுக்கு வரச் சொன்னாள். கொட்டிலில் சாக்கால் மூடிக் கிடந்த வண்டியைக் காட்டினாள்.

“எனக்கு முழங்கால் மாத்தப் போகினம். நாலு மாசத்திலை திகதி தந்திருக்கினம். அதுக்குப் பிறகு மோட்டச்சைக்கிளை நினைச்சும் பாக்கக் கூடாதாம். அதுக்கு முதல் ஒருக்கா இதை நான் ஓடவேணும்.”

“எங்கை?”

“இஞ்சை இருந்து அரியாலைக்கு. போய்ட்டு வந்தாக் காணும்.”

ஸ்கூட்டி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முழங்கால் வலிக்கும் வரை பத்து வருடம் அவள் ஸ்கூட்டியில்தான் சந்தைக்கும் ஆலயத்துக்கும் போனாள். லைசன்ஸ் உண்டு, பயமில்லை. ஸ்கூட்டியைப் பற்றி நானும் கேட்டேன்தான். அக்கா தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

நான் “ஓம், செய்து தாறன்” என்றேன். அவள் கேட்டது நாலு மாதத்தில் ஓடக்கூடிய ஒரு வண்டி. என் மனத்தில் ஏறியது கீறல் இல்லாத ஒரு வண்டி. இந்த இரண்டும் ஒன்றில்லை என்று அப்போது எனக்கு யாராவது மண்டையில் குட்டிச் சொல்லியிருக்கலாம்.

தலையணை உறைகள்

நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் கோடு போட்டவன். மை ஒரு மயிரளவு பரவினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கிப் பழகியவன். இந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் என் மனைவி பட்ட பாட்டை எழுதினால் அது தனித் தொடர்.

வண்டியை ஆணி ஆணியாகக் கழற்றினேன். ஒவ்வொரு ஆணியையும் ஒரு சின்னப் பையில் போட்டு, இலக்கம் எழுதி, எது எங்கே போகும் என்று ஒரு கொப்பியில் படமும் கீறினேன். தகரங்களைப் பெயின்ரர் குணத்திடம் கொடுத்தேன். குணம் பெரிய வேலைக்காரன். நாளைக்கு என்று சொன்னால் பத்து நாள். அடுத்த கிழமை என்றால் அவனுடைய போன் வேலை செய்யாது. ஆனால் அவன் அடித்த சிவப்பைக் கண்டதும் எல்லாவற்றையும் மன்னித்தேன். முகம் தெரிந்தது.

அதன் பிறகுதான் வந்தது வினை. பெயின்ற் அடித்த தகரத்தைத் திருப்பிப் பூட்டுவதுதான் இந்த வேலையிலேயே மோசமான கட்டம். கழற்றும்போது ஸ்பனர் சாவி வழுகினால் பழைய தகரத்தில் இன்னொரு கீறல், அவ்வளவுதான். பூட்டும்போது வழுகினால் மூன்று கிழமை வேலை போய்விடும்.

ஆகவே நான் மூடத் தொடங்கினேன். அத்தானின் பழைய பெனியன்களைக் கிழித்து சட்டத்தின் குழாய்களுக்கெல்லாம் சுற்றினேன். சைக்கிள் ரியூபை வெட்டி, ஆணி போகிற துவாரங்களுக்கு உறை செய்தேன். மட்காட்டின் விளிம்புகளுக்குக் காகித ரேப் ஒட்டினேன். கையில் மோதிரம், இடுப்பில் பெல்ற், சேட்டில் பொத்தான் ஒன்றும் இருக்கக் கூடாது என்று சாரத்தோடும் பெனியனோடும் வேலை செய்தேன். எஞ்சினைச் சட்டத்துக்குள் இறக்கிய அன்று, அக்காவின் கட்டில் விரிப்பு நாலையும் எடுத்துச் சுற்றியிருந்ததால், எஞ்சினையும் காணவில்லை, சட்டத்தையும் காணவில்லை.

பக்க மூடிகள் அக்காவின் தலையணை உறைகளுக்குள் போயின. முன் விளக்கின் கிண்ணம் குசினியில் மாப்பெட்டிக்குள். மட்காட் இரண்டும் விருந்தினர் அறைக் கட்டிலில், போர்வை போர்த்தியபடி. அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

“உதுகளுக்குக் காய்ச்சலோ?” என்று கேட்டாள்.

“தொடாதை.”

“நான் தொடேல்லை. என்ரை தலையணைக்கு உறை இல்லை எண்டு சொல்ல வந்தனான். எப்ப பூட்டி முடிப்பாய்?”

“நாளைக்குப் பாப்பம்,” என்றேன். சத்தியமாக, யாருடைய பதில் அது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியிருக்கவேண்டும். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

காஞ்சிட்டுதோ?

உலகத்தில் வேறு இடங்களில் எப்படியோ தெரியாது. எங்கள் ஊரில் ஒருவரிடம் “தொடாதேங்கோ, பெயின்ற் ஈரம்” என்று சொன்னால் அவர் செய்கிற முதல் வேலை விரலை வைத்துப் பார்ப்பது. வைத்துவிட்டு, “ஓம், ஈரம்தான்” என்று நமக்கே அறிவிப்பார்.

தாங்கி பெயின்ரரிடமிருந்து வந்த மூன்றாம் நாள், அதை விறாந்தையில் ஒரு கதிரையில், காற்றுப் படட்டும் என்று வைத்திருந்தேன். முதலில் பால்காரர் வந்தார். பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, “காஞ்சிட்டுதோ?” என்றார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு ஒரு விரல் போதவில்லை.

கடைசியாகப் போதகர். நல்ல மனிதர், நான் அவரைக் குறை சொல்லவில்லை. அக்கா ஒப்பரேசனுக்கு முதல் இதில் அரியாலைக்குப் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டு உருகிப்போய்விட்டார். “அப்ப ஒரு சின்ன ஜெபம்” என்று கண்ணை மூடி, வலது கையைத் தாங்கியின் மேல் வைத்தார். எங்கள் போதகர் சின்ன ஜெபம் செய்து நான் பார்த்ததில்லை. பிரயாணத்துக்காக ஜெபித்து, முழங்காலுக்காக ஜெபித்து, ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சோதனைகளுக்காகவும் ஜெபித்தார். நான் கண்ணை மூடவேயில்லை. ஆமென் சொல்லிக் கையை எடுத்தபோது ஐந்து விரலும், உள்ளங்கை ரேகையும், மோதிரமும் அப்படியே பதிந்திருந்தன.

“அது ஆசீர்வாதம்தானே,” என்றாள் அக்கா. “அப்பிடியே பூட்டு.”

எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. தாங்கியை மறுபடி குணத்திடம் கொண்டுபோனேன். அவன் தேய்த்துத் திரும்ப அடிக்க ஒரு மாதம் எடுத்தான். அதற்குள் நான் மற்றதெல்லாம் பூட்டி முடித்து, ஒரு போத்தலில் பெற்றோல் விட்டுத் தூக்கிக் கட்டி, எஞ்சினையும் இயக்கிப் பார்த்துவிட்டேன். தாங்கி ஒன்றுதான் பாக்கி.

அக்காவின் திகதிக்குப் பத்து நாள் இருந்தது. குணத்திடம் போனில் கேட்டேன்.

“அண்ணை, முடிஞ்சுது. ஆனா மூண்டு கிழமைக்குப் பெற்றோல் பட விடாதேங்கோ. பட்டால் சுருங்கும். பிறகு என்னைப் பேசாதேங்கோ.”

பத்து நாளுக்குள் மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், அடங்காது. கணக்கு வாத்தியார் இல்லாமலே எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் எடுத்த முடிவு, பெயின்ற் காயட்டும் என்பது. அக்காவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொழும்புக்கு ரயில் ஏறினேன்.

சந்தை இரைச்சலில் ஒரு போன்

கொழும்புக்குப் போக ஒரு நியாயம் இருந்தது. கைபிடியை முழுதாகத் திருப்பினால் அதன் சுவிச் தாங்கியின் தோளில் இடிக்கும். இடிக்காமல் இருக்க முன்பக்கத்தில் இரண்டு சின்ன றப்பர் துண்டுகள் வரும். பழையது மண்ணெண்ணெயில் ஊறிப் பாணிபோல இளகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் தேடாத கடையில்லை. பஞ்சிகாவத்தையில் இருக்கும் என்றார்கள். வெள்ளவத்தையில் மகளையும் பார்த்துவரலாம் என்று நாலு நாள் கணக்குப் பண்ணினேன்.

பஞ்சிகாவத்தையில் கடைக்குக் கடை உதிரிப்பாகம். நான் மூன்றாவது சந்துக்குள் நின்று, மேசையில் குவித்திருந்த றப்பருக்குள் கையை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. பின்னால் ஒரு லொறி ஓயாமல் கோண் அடித்தது.

“தம்பி, பெயின்ரர் தாங்கியைக் கொண்டுவந்து வைச்சிட்டுப் போறார். என்ன செய்ய?”

“என்ன?”

“தாங்கி! தாங்கியை என்ன செய்ய?”

“பூட்டி வை அக்கா! நான் வந்து மிச்சத்தைப் பாக்கிறன்!”

“பூட்டவோ?”

“ஓம் ஓம், பூட்டு! போனை வைக்கிறன்!”

நான் சொன்னது, விருந்தினர் அறைக்குள் வைத்து அறையைப் பூட்டி வை என்று. பால்காரரின் பெருவிரலும் போதகரின் கையும் என் கண்ணுக்கு முன்னே நின்றன. வேறு எதை நான் சொல்லியிருக்க முடியும்?

பூட்டுதல்

யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். எங்களுக்குப் பூட்டுவது என்றால் கதவைச் சாத்தித் திறப்புப் போடுவது மட்டுமில்லை. பொருத்துவதும் பூட்டுவதுதான். மின்விசிறி பூட்டுவோம், தண்ணீர்க் குழாய் பூட்டுவோம், கழற்றின சைக்கிளைத் திரும்பப் பூட்டுவோம்.

ஒரு வீதி வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து எங்கள் கந்தோரில் சில மாதம் இருந்தார். வெக்கை தாங்காமல் மேசைக்கு மேலே ஒரு மின்விசிறி கேட்டார். அடுத்த நாள் காலை நான் போய், “உங்கடை அறையிலை ஃபான் பூட்டியாச்சு” என்றேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது.

“ஏன் சார் பூட்டிட்டீங்க? நான் ஒண்ணும் தூக்கிட்டுப் போயிட மாட்டேனே!”

அன்று கந்தோரே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவரைப் பார்த்துச் சிரித்ததற்கு எனக்கு இது தேவைதான்.

ஆனால் அக்கா மதுரைக்காரி இல்லை. என்னோடு ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு கருத்தும் தெரிந்தவள். எனக்கு எது வேண்டும் என்றும் தெரிந்தவள். அவள் உண்மையாகவே பிழையாக விளங்கினாளா, அல்லது தனக்கு வேண்டிய கருத்தை எடுத்துக்கொண்டாளா என்று இன்றுவரை நான் கேட்டு முடிக்கவில்லை. கேட்டால், “நீ ரெண்டு தரம் சொன்னனி” என்கிறாள்.

நாலாம் நாள் காலை கொக்குவில் ரயில் நிலையத்தில் இறங்கி, சட்டைப் பைக்குள் இரண்டு றப்பரோடு அக்கா வீட்டுக்கு நடந்தேன். படலை சும்மா சாத்தியிருந்தது. விருந்தினர் அறை திறந்து கிடந்தது. தலையணை உறைகள் தோய்த்துக் கொடியில் காய்ந்தன. மேசையில் என் கொப்பி, தாங்கியின் படம் கீறிய பக்கத்தில் விரிந்தபடி. பக்கத்தில் பதினேழாம் இலக்கப் பை, வெறுமையாக. அக்காவின் போனும் அங்கேதான் கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “அக்கா அரியாலைக்கு எண்டு வெளிக்கிட்டவ. நான்தான் உதைச்சு விட்டனான். என்ன மாதிரி ஓடுறா! நீங்கள் பாக்கேல்லையோ?”

நான் ஓட்டோ பிடித்தேன். போகிற வழி முழுக்க என் மனத்தில் ஓடியது ஒன்றே ஒன்று: றப்பர் இல்லை, கைபிடி இடிக்கும், றப்பர் இல்லை, கைபிடி இடிக்கும்.

வலை தைத்தவர்

மறுபடியும் அந்த ஒழுங்கைக்கு வருகிறேன்.

“நீதான்” என்று அக்கா சொன்னதும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. பைக்குள்ளிருந்த றப்பர் இரண்டையும் எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

“உதுக்காக நான் கொழும்புக்குப் போனனான்! உது இல்லாமல் கைபிடியைத் திருப்பினால் இடிக்கும். பார், இடிச்சிருக்கு! தகரம் வரைக்கும் போயிட்டுது! மூண்டு கிழமை பெற்றோல் படக் கூடாது எண்டு குணம் சொன்னவன். நீ ஊத்தி வழிய விட்டிருக்கிறாய். உனக்கு விசரே?”

நான் பெனியன் சுற்றியதைச் சொன்னேன். ரேப் ஒட்டியதைச் சொன்னேன். இரண்டு தரம் பெயின்ற் அடித்ததைச் சொன்னேன். நாலு மாதம் நான் ஒரு மனிதனாக வாழவில்லை என்று சொன்னேன். அந்த வெயிலில் எனக்குத் தொண்டை வறண்டுபோய் இருமல் வந்தது. இருமி முடிக்கிற இடைவெளியில் வலை தைத்தவர் எழும்பி வந்தார்.

“ஐயா,” என்றார். “மோட்டச்சைக்கிளைத் தூக்கி நிப்பாட்டினது நான். அவவையும் நான்தான் தூக்கினனான். நீங்கள் வந்த நேரம் தொட்டுச் சைக்கிளைத்தான் பாக்கிறியள்.”

அப்போதுதான் நான் அக்காவைப் பார்த்தேன். மடியில் தலைக்கவசத்தை வைத்திருந்தது எதை மறைக்க என்று தெரிந்தது. பஞ்சாபி உடுப்பின் கால் கிழிந்திருந்தது. வலது முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய், இரத்தத்தோடு மணல் ஒட்டியிருந்தது. கண்ணாடியின் ஒரு காதும் முறிந்திருந்தது.

“அது றப்பர் இல்லாததாலை இல்லை,” என்றாள் அக்கா. “மணலுக்கை திருப்பேக்கை நான் விழுந்தனான்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. கூடப்பிறந்தவள் காயத்தோடு இருக்க, நான் தகரத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மூன்றாம் மனிதர் ஒருவர் வலையை விட்டுவிட்டு வந்து எனக்கு அதைச் சொல்லவேண்டியிருந்தது.

மணலில் முழந்தாளிட்டு, அந்த மனிதர் கொண்டுவந்த நல்ல தண்ணீரால் காயத்தைக் கழுவி, என் கைலேஞ்சியால் கட்டினேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அக்கா சொல்லேல்லை?”

“நீ எங்கை விட்டனி?”

ஓட்டோவை அனுப்பிய மடையன் நான்தான். இன்னொன்றைக் கூப்பிடுகிறேன், நீ அதில் போ, நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அக்கா தலைக்கவசத்தைப் போட்டாள்.

“போய்ட்டு வாறது எண்டுதான் கதை. போனது முடிஞ்சுது. வாறது கிடக்கு.”

“உந்தக் காலோடையோ?”

“இந்தக் காலாலை உதைக்க ஏலாது. நீ உதை.”

ஐந்தாவது உதையில் எஞ்சின் பிடித்தது. அக்கா வலை தைத்தவரின் தோளைப் பிடித்து ஏறினாள். நான் முன்னுக்கு ஏறப் பார்த்தேன். அவள் நகரவில்லை.

“அவருக்குப் பின்னாலை இருந்து இருந்து எனக்கு அவரின்ரை முதுகுதான் தெரியும். தெருவைக் கண்டதில்லை. நீ பின்னுக்கு ஏறு.”

ஏறினேன். நல்லூர்ப் பக்கம் வரும்போது ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா கோண் அடித்தாள். அடிக்கத் தேவையே இருக்கவில்லை.

ஆறு கிழமை

குறித்த திகதிக்கு முதல் நாள் டொக்டர் முழங்காலைப் பார்த்தார்.

“இது என்னம்மா காயம்?”

“வழுக்கி விழுந்திட்டன் டொக்டர்.”

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோல் இப்படிக் கிழிந்திருக்கும்போது அந்த இடத்தில் வெட்டமுடியாது, கிருமி உள்ளே போய்விடும் என்றார் டொக்டர். முழுதாக ஆறவேண்டும். பிறகு புதுத் திகதி எடுக்கவேண்டும். ஆறு கிழமை தள்ளிப் போட்டார். “கவலைப்படாதேங்கோ” என்றும் சொன்னார்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்வரை அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். ஏறினதும் என்னைப் பார்த்தாள். “ஆறு கிழமை,” என்றாள். அந்த முகத்தை நான் அவளுடைய கலியாணத்திலும் காணவில்லை.

பத்து நாள் காயம் ஆறும்வரை பொறுத்தாள். அதன் பிறகு தொடங்கியது என் சீவியத்தின் அலைச்சல். காலை ஆறரைக்கு நல்லூரில், என் வீட்டில், போன் அடிக்கும். “உதைக்க வாறியோ?” நான் சைக்கிளில் கொக்குவிலுக்குப் போய், உதைத்துவிட்டு, திரும்பி வரவேண்டும். மழை பெய்தாலும் போகவேண்டும். அவள் மீன் வாங்கப் போன இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் அங்கேயும் போகவேண்டும். ஒருநாள் மானிப்பாயில் இருந்து போன் செய்தாள். அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஒரு வேலையும் இல்லை, தெரு நல்லாக் கிடந்தது என்றாள்.

தாங்கியை மறுபடி குணத்திடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் ஒரு மாதம் எடுப்பான். அந்த இரண்டு றப்பரையும் மட்டும் பூட்டிவிட்டேன். அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. பத்து மணிக்கு அங்கே நிற்கவேண்டும். அன்று காலை ஆறரைக்குப் போன் அடிக்கவில்லை. ஏழு மணி வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனைவி என்ன என்று கேட்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். படலை திறந்திருந்தது. ஆஸ்பத்திரிப் பை வாசலில் கட்டி வைத்திருந்தது. முற்றத்தில் அக்கா வண்டியின் மேல் ஏறி, தலைக்கவசமும் போட்டு, இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்தபடி இருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ தெரியாது.

“இண்டைக்கும் உன்னைக் கூப்பிடவேணுமோ?” என்றாள்.

சைக்கிளை மதிலோடு சாத்தினேன். போய் உதைத்தேன்.